சிப்பாங்கிலிருந்து மீனம்பாக்கம் வரை

"ஊருக்குப் போக விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும், சார்?" தோட்டத்தில் யாராவது பயணச்சீட்டு எடுத்துவிட்டால் முதலில் எழும் கேள்வி இதுதான். ஏறக்குறைய நாலு மணி நேரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாலு மணிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதை அறிந்து புறப்படுவது நல்லது.

முதலில் தூரம். பள்ளியிலுள்ள பூகோள உருண்டையில் கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்திராவின் வடமுனையை ஒட்டி, வங்காள விரிகுடாவைக் கடக்கும். தூரம் சுமார் 2,600 கிலோமீட்டர். தெற்கே இருப்பதால் திருச்சி நமக்குக் கிட்டம் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் திருச்சி இன்னும் மேற்கே தள்ளி இருப்பதால் தூரம் சுமார் 2,700 கிலோமீட்டர்!

விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல் வரும். மிச்ச நேரம் எங்கே போகிறது? ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மெல்ல ஏறுவது, மெல்ல இறங்குவது எல்லாம் அதில் சேரும். காற்றுக்கும் பங்குண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்று வீசும். அது போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது தடுக்கும்.

அடுத்தது கடிகாரம். 1982-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நம் நாட்டு நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதிலிருந்து இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னே. சீட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். இங்கே இரவு 9.00-க்கு ஏறினால் அங்கே இரவு 10.20-க்கு இறங்குவீர்கள். அங்கே இரவு 11.30-க்கு ஏறினால் இங்கே காலை 5.50. பறப்பது இரு முறையும் 3 மணி 50 நிமிடந்தான்.

எல்லாவற்றிலும் முக்கியம் நள்ளிரவுச் சீட்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தகப்பனாரின் கருமாதிக்குப் புறப்பட்டார். சீட்டில் 15-ஆம் தேதி, அதிகாலை 12.20 என்றிருந்தது. அவர் 15-ஆம் தேதி மாலை மூட்டை முடிச்சுகளுடன் சிப்பாங் போய்ச் சேர்ந்தார். விமானமோ முந்திய இரவே போய்விட்டது. பணம் போனதைவிட, மூன்று பிள்ளைகளில் தாம் மட்டும் அந்தச் சடங்கில் இல்லையே என்ற குறைதான் அவரை இன்றும் வாட்டுகிறது. 15-ஆம் தேதி 12.20 என்றால், 14-ஆம் தேதி இரவு 9.00-க்கே நிலையத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளை விட்டு இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

சென்னையில் இறங்கியும் பயணம் முடிவதில்லை. தென்மாவட்டப் பேருந்துகளுக்கு இப்போது கோயம்பேடு போக வேண்டாம். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்திற்குப் போங்கள். திருச்சிப் பக்கத்துக்காரர்கள் நேரே திருச்சிக்கே சீட்டு எடுத்தால், சுமார் 330 கிலோமீட்டர் சாலைப் பயணம் மிச்சம்.

நம் பாட்டன்மார் 'ரஜூலா' கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து வந்தார்கள். வந்தவர்களில் பலர் திரும்பிப் போய்ப் பெற்றவர் முகம் பார்க்கவே இல்லை. அந்தக் கடல் இன்று ஒரு பொழுதில் கடக்கிற தூரம். தேதியையும் மணியையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் போதும், உறவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.