ஒன்பது மணிப் படம்

திங்கள்

துறைக் கூட்டத்தில் மறுபடியும் அதே பேச்சு: செடி வளர்ச்சியைப் படமெடுத்து அளக்க இயந்திரம் வேண்டும், பணம் இல்லை. புது டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2017-இல் திறந்த நானாஜி தேஷ்முக் மையத்தில் தொட்டிகளே பெல்ட்டில் ஏறி கேமரா முன்னால் போய் நிற்கும். நமக்கு அந்த ஆசையெல்லாம் கட்டுப்படியாகாது. ராஸ்பெர்ரி பை போர்டு, அதற்கான 8 மெகாபிக்சல் கேமரா, பழைய இரும்பு ரேக், இரண்டு எல்இடி டியூப் லைட். சில ஆயிரங்களில் முடிகிற வேலை. கணக்குப் போட, அமெரிக்காவின் டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையம் உருவாக்கிய பிளான்ட்சிவி மென்பொருள் இலவசம்.

புதன்

ரேக் தயார். கேமரா மண்ணிலிருந்து 60 செ.மீ. உயரத்தில். படத்தில் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய நாலரைப் புள்ளி விழுகிறது. பாசிப்பயறு நாற்றுக்குத் தாராளம். இலையைப் பிரிக்கும் சூத்திரமும் எளிது: ஒவ்வொரு புள்ளியிலும் பச்சையை இரட்டித்து, சிவப்பையும் நீலத்தையும் கழிக்க வேண்டும். மிச்சம் அதிகமிருந்தால் இலை. ஆனால் ஈர மண்ணில் படரும் பாசியும் பச்சைதானே! கறுப்புத் துணியை வட்டமாக வெட்டி, தண்டுக்குக் கீறல் விட்டு, ஒவ்வொரு தொட்டியையும் மூடினோம். கேமரா தானாக வெளிச்சமும் நிறமும் சரிசெய்வதை நிறுத்தியாயிற்று. இல்லாவிட்டால் நேற்றைய பச்சையும் இன்றைய பச்சையும் ஒட்டாது.

சனி

மாணவி வரைபடத்தோடு வந்தாள். "சார், சாயங்காலப் படத்துல எல்லாச் செடியும் சுருங்கிடுது. காலைல பழையபடி ஆயிடுது."

சுருங்கவில்லை, தூங்கப் போகிறது. பயறு வகைகள் பொழுது சாய்ந்தால் இலையைத் தொங்கப்போடும். மேலிருந்து எடுக்கும் படத்தில் அப்போது பரப்பு குறையத்தான் செய்யும். வறட்சியைச் சோதிக்கத் தண்ணீர் நிறுத்திய தொட்டிகளில் சிக்கல் இன்னும் மோசம். வாடிய செடியும் வளராத செடியும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வளர்ச்சிக் கணக்குக்குத் தினமும் காலை ஒன்பது மணிப் படம் மட்டும். மற்றவை இலை அசைவைப் பார்க்க உதவும், தனியே இருக்கட்டும்.

செவ்வாய்

செடி உயர உயர கேமராவை நெருங்குகிறது. 10 செ.மீ. உயர்ந்த இலைக்கும் கேமராவுக்கும் இடையே 50 செ.மீ.தான். 60-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.44. இலை துளியும் விரியாமல் 44 சதவீத 'வளர்ச்சி'! படத்தில் அளவு காட்ட வைக்கும் அட்டையைக் குச்சியில் செருகி இலை மட்டத்துக்கே உயர்த்திவிட்டோம்.

இலை மேல் இலை மறைப்பதற்கு அட்டை உதவாது. வாரம் சில தொட்டிகளை வெட்டி, இலைப்பரப்பு அளந்து, சூட்டடுப்பில் உலர்த்தி எடை பார்த்து, படக் கணக்கோடு ஒப்பிடுகிறோம். "வெட்டுறதுன்னா கேமரா எதுக்கு?" என்றார் சக பேராசிரியர். வெட்டிய செடியை மறுநாள் அளக்க முடியாதே. சிலவற்றை வெட்டினால்தான் மிச்சமுள்ளவற்றின் படங்களை நம்பலாம்.

வெள்ளி

பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து போன்: எந்த கேமரா வாங்கலாம்? இப்படி எழுதி அனுப்பினேன்: கேமராவைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் ஆடாத ரேக், ஜன்னலுக்குத் திரை, வெட்டி உலர்த்தவென்று ஒதுக்கிய கூடுதல் தொட்டிகள். நாற்றுப் பருவம் தாண்டிய ஆய்வென்றால், பக்கவாட்டில் இன்னொரு கேமராவுக்கும் சேர்த்துப் பணம் கேளுங்கள்.