கலங்கிய நீர்

தறியை எடுத்த பிறகு அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. குழியை மண்ணிட்டு மூடிச் சிமெண்டு பூசியிருந்தும், கூடத்தில் நடக்கும்போது பழைய பழக்கத்தில் அதைச் சுற்றிக்கொண்டே போனோம். அப்பா அதற்கெதிரே நாற்காலியில் அமர்ந்து சுவரைப் பார்த்திருப்பார். அவர் கண்ணுக்கு ஏதேனும் ஓர் அசைவு வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றியது. குழி இருந்த இடத்தில் ஒரு மீன்தொட்டி வைத்தோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். வாங்கிய அன்றே நீர் நிரப்பி ஆறு தங்கமீன்களையும் விட்டோம்.

மூன்றாம் நாள் நீர் வெளுத்தது. அரிசி களைந்த கழுநீரின் நிறம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அழுக்கு என்றே எண்ணினோம். நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுநீர் நிரப்பினோம். பளிங்காக இருந்தது. இரண்டே நாளில் மறுபடியும் வெளுத்தது. மறுபடியும் கழுவினோம். இவ்வாறு மூன்று முறை. அதற்குள் நான்கு மீன்கள் இறந்துவிட்டன. ஒவ்வொன்றையும் அப்பாவே வாழையடியில் புதைத்தார். எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் வருத்தியது.

அதன் பின்னரே படிக்கத் தொடங்கினோம். கலங்கல் எல்லாம் ஒன்றல்ல. மண் கலங்கிய நீருக்கு நம்மவர்கள் கண்ட மருந்து தேற்றாங்கொட்டை. கலித்தொகையிலேயே அது உவமையாக வருகிறது. மழைக்காலத்தில் பாட்டி குடத்தின் உட்புறம் அதை இழைப்பதை நாங்களும் பார்த்திருக்கிறோம். விதையின் பசை நுண்ணிய மண்துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. கனம் கூடி அவை அடியில் படிகின்றன. வெயில் படும் தொட்டியில் நீர் பச்சையானால் அது பாசி. எங்கள் தொட்டியின் வெண்மையோ பாக்டீரியா. மிஞ்சிய தீனியையும் கழிவையும் தின்று அவை பெருகியிருந்தன. பெருகுகையில் நீரிலுள்ள உயிர்வளியையும் எடுத்துக்கொண்டன. மீன்கள் மேலே வந்து வாய் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பெரிய நஞ்சு கண்ணுக்குத் தெரியாதது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதனை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெரும்பாலும் கற்களிலும் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதுத்தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாங்கள் ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவியது இவற்றைத்தான். தப்பியவற்றைக் குழாய்நீரின் குளோரின் பார்த்துக்கொண்டது. தெளிந்த நீரில் அம்மோனியா நிறமின்றி ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் அதன் தெளிவைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "நூல் சிக்கினா இழுக்கக் கூடாது. இழுத்தா அறுந்துபோவும். கொஞ்சம் விட்டுப் பாருங்க," என்றார். பிறகு, கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சுவதைப் பற்றிப் பேசினார். எடையில் ஏறக்குறைய கால்பங்கு பசையாகக் கரைந்து போகும். நீர் குழம்பக் குழம்பத்தான் நூலுக்குப் பளபளப்பு வரும்.

விட்டுப் பார்த்தோம். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. முதல் சில வாரங்கள் இரண்டு நாளுக்கொருமுறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றினோம். அதுவும் ஒரு நாள் முழுவதும் திறந்த தொட்டியில் வைத்திருந்த நீர். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசினோம். காற்றுக்குழாயை இரவிலும் நிறுத்தவில்லை. கை பரபரக்கும், அடக்கிக்கொண்டோம்.

அந்நாட்களில் அப்பா அத்திவரதரைப் பற்றி அடிக்கடி பேசினார். 1979இல் தறியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தவர்; 2019இல் எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர். அவ்வாண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஒரு மண்டலம், பெருமாள் வெளியே இருந்தார். அனந்தசரஸ் குளத்து நீரை இறைத்துத் தூர்வாரினார்கள். பிறகு பெருமாள் மீண்டும் நீருக்குள் போனார். "நாப்பது வருஷம் அந்தத் தண்ணிய யாரும் தொந்தரவு பண்றதில்ல," என்பார். அடுத்தது 2059. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

எங்கள் தொட்டிக்கும் ஏறக்குறைய ஒரு மண்டலம் ஆயிற்று. ஒரு காலையில் பார்த்தபோது பின்சுவரின் விரிசல் தொட்டியினூடே தெரிந்தது. கடைக்காரர் காட்டிய பளிங்கு அன்று. இலேசான மஞ்சள் சாயல் உண்டு. கூழாங்கற்கள் வழவழப்பாக இருக்கின்றன. அதைத் தேய்க்காமலிருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

எஞ்சிய இரண்டு மீன்களோடு புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அந்த அளவு தொட்டியில் ஆறு தங்கமீன்கள் விட்டதே பிழை. அப்பா இப்போதும் அதே நாற்காலியில்தான் அமர்கிறார். மீன் இடமிருந்து வலமாகப் போய்த் திரும்பும்போது, நாடாவைத் தொடர்வதுபோல் அவர் கண்களும் போய்த் திரும்புகின்றன.