எந்தப் பத்து?

கிழக்குத் தில்லியில், யமுனைக்கு அப்பால், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்தளத்தில் மூவர் வாழ்கின்றனர். கணவர் அரசு அலுவலகக் கணக்கர். மனைவி பள்ளியொன்றில் தையல் ஆசிரியை. கணவரின் தாய்க்கு வயது 74. 2024 ஜூனில், சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஓரிரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே 35 டிகிரியைத் தாண்டிய அந்த வாரத்தில், கிழவி தன் கட்டிலருகே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் சொட்டுநீர் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். வெயிலில் அவர் எங்கும் போகவில்லை. விழுந்தது இரவு ஒன்பது மணிக்கு, தன் அறைக்குள்.

அடுத்த கோடைக்குள் அவரைப் பௌரி கட்வாலில் உள்ள பூர்வீக வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு எழுந்தது. மலைக் காற்று உண்டு; ஆனால் அந்த ஊரில் இப்போது புகை எழும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனியாக எப்படி இருப்பார் என்ற கேள்விக்கு விடை இல்லாததால், கூரையைச் சரிசெய்வது என்று முடிவாயிற்று.

மூன்று ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள், மூன்று விலைப்புள்ளிகள் கிடைத்தன. முதலாவது, கூரையின் அடியில் ஒட்டும் 8 மி.மீ. குமிழித்தாள், இருபுறமும் வெள்ளிப் பளபளப்பு. அதன் தகுதியாக எழுதப்பட்டிருந்தது: ‘ஆர் 10’. இரண்டாவது, மொட்டை மாடியில் பூசும் வெள்ளைப் பூச்சு, ‘எஸ்.ஆர்.ஐ. 100க்கு மேல்’. மூன்றாவது, மாடியின் மேல் பரப்பும் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை, ‘கே 0.03’. விலையில் முதலாவது நடுத்தரம், இரண்டாவது மலிவு, மூன்றாவது கணக்கரின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. நூறு, பத்து, 0.03 என்று எண்கள் இறங்க, விலையோ தன்போக்கில் ஏறியது.

கணக்கருக்கு எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கம் தொழிலால் வந்தது. அவ்வாண்டு மே 29 அன்று முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று நாடே பேசியபோது, கருவியைச் சோதிக்கட்டும் என்று காத்திருந்தவர் அவர். உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டியிருந்தது என்று வானிலைத் துறை பின்னர் அறிவித்தது. இப்போதும் அவர் முதல் ஒப்பந்தக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “பத்து சரி, எதில் பத்து?” அவர் சிரித்து, “சார், பத்து என்றால் பத்துதான்,” என்றார்.

அது அப்படியன்று. ‘கே’ என்பது ஒரு பொருளின் இயல்பு: வெப்பத்தை அது எவ்வளவு எளிதில் கடத்துகிறது என்பது. தடிமன் அதில் இல்லை. சிறுத்தால் நல்லது. ‘ஆர்’ என்பது தடிமனைக் கே-யால் வகுத்து வரும் வெப்பத்தடை. பெருத்தால் நல்லது. ‘யு’ என்பது தளம், பூச்சு, பலகை, இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றுப்படலம் எல்லாவற்றின் தடைகளையும் கூட்டித் தலைகீழாக்கினால் கிடைப்பது. மீண்டும் சிறுத்தால் நல்லது. அகராதிச் சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் உள்ள உறவுதான் கே-க்கும் யு-வுக்கும். விற்பவர்கள் அகராதியைக் காட்டுகிறார்கள், குடியிருப்பவர் வாக்கியத்துக்குள் வாழ்கிறார். இதில் இன்னொரு சிக்கல் அலகு. அமெரிக்கர்களின் ஆர் அடியிலும் ஃபாரன்ஹீட்டிலும் கணக்கிடப்படுவது, அதை 5.678ஆல் வகுத்தால்தான் இந்தியக் கட்டட விதிகள் பேசும் மெட்ரிக் ஆர் கிடைக்கும். தாளில் இருந்த பத்து அமெரிக்கப் பத்து என்றால், இங்கே அது 1.76.

கணக்கர் அந்த 1.76ஐயும் விடவில்லை. வெறும் 8 மி.மீ. தடிமனில் அவ்வளவு தடை வேண்டுமென்றால் கே 0.0045 ஆக இருக்க வேண்டும். அசையாத காற்றின் கே-யே ஏறத்தாழ 0.026. காற்றைச் சிறைப்பிடித்துச் செய்த ஒரு தாள், காற்றைவிட ஐந்து மடங்குக்கு மேல் சிறந்ததாக எப்படி இருக்கும்?

முழுப் பொய்யும் அன்று, அதுதான் இத்தகைய எண்களின் சாமர்த்தியம். பளபளப்பான பரப்பு வெப்பக் கதிர்வீச்சை மிகக் குறைவாகவே வெளியிடும். அதன் கீழே காற்று அடைபட்ட நல்ல இடைவெளி இருந்தால், மேலிருந்து கீழே இறங்கும் வெப்பத்துக்கு அந்த இடைவெளி உண்மையிலேயே பெருந்தடை. அதாவது அந்த எண் தாளுக்கு உரியதன்று, தாளும் இடைவெளியும் சேர்ந்த அமைப்புக்கு உரியது. ஒப்பந்தக்காரரின் திட்டமோ தாளைத் தளத்தில் ஒட்டி அதன் மீதே ஜிப்சம் பலகையை அழுத்தி அடைப்பது. இடைவெளி போனால் மிஞ்சுவது 8 மி.மீ. குமிழிகள் மட்டுமே, தடை 0.2 அளவில் நிற்கும்.

இந்தியத் தர நிறுவனம் 1987இல் வெளியிட்ட எஸ்.பி. 41 கையேடு வலுவூட்டிய கான்கிரீட்டின் கே-யை 1.58 என்கிறது. அந்த வீட்டின் 150 மி.மீ. தளத்துக்கு ஆர் 0.095 மட்டுமே. காற்றுப்படலங்களைச் சேர்த்தாலும் மொத்தம் 0.3, யு 3.3. தாயின் அறைக்கு மேலுள்ள கூரை 12 சதுர மீட்டர். வெயிலில் காய்ந்த மாடிக்கும் அறைக்கும் 30 டிகிரி வேறுபாடு என்று கொண்டால், கூரை வழியே இறங்குவது கிட்டத்தட்ட 1,190 வாட். குளிர்காலத்தில் தில்லி வீடுகளில் காலடியில் வைக்கும் கம்பிச்சுருள் ஹீட்டர் பெரும்பாலும் 1,000 வாட். ஜூன் மாதத்தில் அதைக் கிழவியின் தலைக்கு மேல் எரியவிட்டதற்குச் சமம் இது. கான்கிரீட் வெப்பத்தை உடனே விடுவதுமில்லை. பிற்பகல் வெயில் நான்கைந்து மணி நேரம் கழித்தே அறையை அடைகிறது. ஒன்பது மணி மயக்கத்துக்குக் காரணம் அந்தத் தாமதமாக இருக்கலாம் என்று கணக்கர் நம்புகிறார். நம்பத் தக்கதுதான்.

50 மி.மீ. பலகையைச் சேர்த்தால் யு 0.51 ஆகிறது, அதே அறைக்கு 184 வாட். பாதித் தடிமனான 25 மி.மீ. போதாதா என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. முதல் 25 மி.மீ. யு-வை 3.3இலிருந்து 0.88க்கு இறக்கிவிடுகிறது, அடுத்த 25 அதை 0.51 ஆக்குகிறது, 100 மி.மீ. போட்டாலும் 0.27தான். தடை கூடக் கூட ஒவ்வோர் அங்குலத்தின் பயனும் தேய்கிறது. எரிசக்தித் திறன் செயலகத்தின் 2018ஆம் ஆண்டு ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ வீட்டுக் கூரைக்கு விதிக்கும் யு வரம்பு 1.2. அதற்கு 25கூட அதிகம். ஆயினும் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளுக்கு எழுதப்பட்டது. ஏற்கெனவே கட்டிய மேல்தள வீட்டில் வேகும் முதியவரை நினைத்து எழுதப்பட்டதன்று. கணக்கர் 50 என்றே முடிவு செய்தார்.

வெள்ளைப் பூச்சின் நூறு வேறு வகை. அது தடையே அன்று. வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது, ஏற்றதை எவ்வளவு விரைவில் வெளிவிடுகிறது என்பதன் குறியீடு. மலிவில் மிகுந்த பயன் தருவது அதுவே. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்ததற்கும் அதுவே நியாயம். தில்லியின் புழுதி மட்டும் அதற்குப் பகை. கழுவாவிட்டால் வெண்மை மங்கும். எனவே நீர்க்காப்புக்கு மேல் பலகை, பலகைக்கு மேல் காரை, அதன் மேல் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடு என்று இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். தெர்மோகோல் மலிவாகக் கிடைத்தும் விட்டார்கள். அது நீர் கோத்தால் தடை குறையும்.

கணக்கில் வராதவை மாடியில் காத்திருந்தன. மாடி பொதுச்சொத்து, குடியிருப்போர் சங்கம் ஒப்புதல் தர ஏழு வாரங்கள் ஆயின. அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகள் மூன்றை நகர்த்த முடியவில்லை. அவற்றின் அடியிலும் கைப்பிடிச் சுவரின் ஓரத்திலும் பலகை இல்லை. அந்த இடங்களில் வெப்பம் பழைய வழியிலேயே இறங்குகிறது.

ஏப்ரலில் வேலை முடிந்தது. மே மாத இரவொன்றில் கிழவி கட்டில்மேல் நின்று கூரையைத் தொட்டுப் பார்த்து மருமகளிடம் திட்டு வாங்கினார். கூரை சுடவில்லை என்றார். ஊரில் இரண்டடிக் கல்சுவர் வீட்டில் ஜூன் நடுப்பகலிலும் இப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கல்சுவரின் ஆர் மிகச் சொற்பம்; அதன் எடைதான் பகல் வெப்பத்தை இரவுவரை தாங்கி வைத்தது, மலை இரவு அதை வாங்கிக்கொண்டது. எந்த விலைப்புள்ளியிலும் இல்லாத அளவை அது.

அறை இன்னும் குளிரவில்லை. மாலையில் மேற்குச் சுவர் சுடுகிறது. கட்டிலை எதிர்ப்புறம் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கணக்கரின் குறிப்பேட்டில் புதிய பக்கம் தொடங்கியிருக்கிறது: செங்கல், 230 மி.மீ., கே 0.81.