அரை ரீல் என்றால் எவ்வளவு?

இந்தூரின் சிறிய இந்தி நாளிதழ் ஒன்று. 1984 மார்ச் கடைசி. கணக்கு முடிக்க வந்த ஆடிட்டர் கிடங்கில் ஆறு காகித ரீல்கள் ஓரமாக நிற்பதைப் பார்த்தார். எல்லாம் பாதி ஓடி இறக்கி வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 'ஆதா', அதாவது பாதி, என்று ஃபோர்மன் சாக்பீஸால் எழுதியிருந்தார். முழு ரீல் 400 கிலோ. ஆகவே ரெஜிஸ்டரில் ஆறு அரை ரீல்கள், 1,200 கிலோ. ஆடிட்டருக்கு என்ன தோன்றியதோ, பக்கத்து லாரி ஆபீசிலிருந்து தராசை வரவழைத்தார். நிறுத்துப் பார்த்ததில் 710 கிலோகூடத் தேறவில்லை.

கிட்டத்தட்ட அரை டன் காகிதம் எங்கே போயிற்று? பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டோர் கீப்பர். எட்டாம் வகுப்பு படித்தவர். கிடங்கின் சாவி பதினோரு வருடங்களாக அவர் இடுப்பில்தான். அன்று மாலை சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அன்றைய நிலவரம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் குற்றச்சாட்டின் கனம் புரியும். 1962ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு உத்தரவுக்குப் பிறகு நியூஸ்பிரின்ட் என்பது காசு கொடுத்தால் கிடைக்கும் பொருளாக இல்லை. டில்லியில் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் விற்பனையைப் பார்த்து ஒதுக்கும். (எத்தனை பக்கம் அச்சிடலாம் என்றுகூட அரசாங்கம் சொல்லிப் பார்த்தது; பத்துப் பக்க உச்சவரம்பை 1972இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.) 1956இல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்த நேபாநகர் ஆலை அதே மத்தியப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. ஆனால் காகிதம் ஒதுக்கீட்டுப்படிதான் வரும். ஒதுக்கீட்டில் வந்ததைக் கள்ளச் சந்தையில் தள்ளுபவர்கள் இருந்தார்கள். 'ரீல் திருடன்' என்ற பெயர் விழுந்தால் ஊரில் வேறெந்த அச்சகத்திலும் வேலை கிடைக்காது.

வீட்டில் மூன்று நாள் அவர் யாரிடமும் பேசவில்லை என்கிறார் மகள். நான்காம் நாள் அச்சகத்துக்குப் போனார், சட்டைப் பையில் ஒரு நூல்கண்டுடன். புதிய ரீல் ஒன்றின் வெளிச்சுற்றை நூலால் சுற்றி அளந்தார். ஒரு மீட்டர் விட்டமுள்ள ரீல். நூல் மூன்று மீட்டருக்கு மேல் ஓடியது. பிறகு, காகிதம் தீர்ந்துபோன குழல் ஒன்றைச் சுற்றினார். அதன் விட்டம் பத்து சென்டிமீட்டர். நூல் ஒரு முழம்கூட வரவில்லை. 31 சென்டிமீட்டர்.

விஷயம் இவ்வளவுதான். வெளியே ஒரு சுற்று அவிழ்ந்தால் மூன்று மீட்டர் காகிதம் போகிறது. குழலை ஒட்டிய சுற்றில் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. பக்கவாட்டில் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே தடிமன். கண் அளப்பது காகித அடுக்கின் உயரத்தை. காகிதமோ வட்டத்தின் பரப்பில் இருக்கிறது.

பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ரீலின் விட்டத்தை அதாலேயே பெருக்கி, குழலின் விட்டத்தையும் அப்படியே பெருக்கிக் கழிக்க வேண்டும். முழு ரீலுக்கு 10,000இல் 100 போக 9,900. அடுக்கு பாதியாகும்போது விட்டம் 55 சென்டிமீட்டர்; 3,025இல் 100 போக 2,925. மிச்சம் பாதி அல்ல, முப்பது சதவீதத்துக்கும் குறைவு. 400 கிலோவில் 118 கிலோ. ஆறு ரீலுக்கு 708.

ஸ்டோர் கீப்பருக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தாலும் முதலாளி நம்பியிருக்க மாட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: இன்று இரவு ஆடிட்டர் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். புதிய ரீலின் பக்கவாட்டில், விளிம்புக்கும் குழலுக்கும் சரி நடுவே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்கள். நான்கு பக்கப் பத்திரிகை. ஒரு பிரதிக்கு 55 சென்டிமீட்டர் காகிதம். பத்து கிலோமீட்டர் நீளமுள்ள முழு ரீலில் 18,000 பிரதி வரும் என்பது ஃபோர்மன் முதல் டீ வாங்கும் பையன் வரை எல்லோருக்கும் மனப்பாடம். சாக்பீஸ் கோட்டைக் காகிதம் தொட்டபோது எண்ணும் கருவி, வீணான தாள்களையும் சேர்த்து, 12,800ஐத் தாண்டியிருந்தது.

தினமும் 13,000 பிரதி அச்சடித்துவிட்டு மிச்சத்தை 'ஆதா' என்று எழுதி வந்திருக்கிறார்கள்! பிரதிகளின் கணக்கு ஒரு நோட்டில், காகிதக் கணக்கு இன்னொரு நோட்டில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. படித்தவர்களும் அங்கே இருக்கத்தான் செய்தார்கள்.

சாவி திரும்பக் கிடைத்தது. பிடித்த நான்கு நாள் சம்பளம் கிடைக்கவில்லை. மன்னிப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. முதலாளிகளின் பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது போலும். அடுத்த மாதம் கிடங்குக்குச் சொந்தமாக ஒரு தராசு வந்தது. அதை வைத்து அவர் இன்னும் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். தராசுதான் நம்பகமானது என்பார் கடைசிவரை. விட்டத்தை அளப்பது ரீல் இறுக்கமாகச் சுற்றியிருந்தால்தான் சரிவரும்; தளர்ந்த ரீல் பருமனாக நின்று ஏமாற்றும். விரல் முட்டியால் தட்டிச் சத்தத்தைக் கேட்டே இறுக்கத்தைச் சொல்லிவிடுவார். இயந்திரத்திலிருந்து இறக்கும்போது குழலோடு நின்றுவிடும் கடைசிச் சில சுற்றுகளையும் கணக்கில் சேர்க்கவே மாட்டார்.

காகிதக் கட்டுப்பாடுகள் 1990களில் தளர்ந்துபோயின. ஸ்டோர் கீப்பரும் இப்போது இல்லை. மகள் அதே ஊரில் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சிடும் கடை வைத்திருக்கிறார். பேனர் முக்கால்வாசி அச்சான நிலையில் சுருள் தீர்ந்துவிட்டால் மை, நேரம், ஃப்ளெக்ஸ் எல்லாம் நஷ்டம். கல்யாண வீட்டுக்காரர் ஒட்டுப்போட்ட பேனரை வாங்கமாட்டார். அதனால் பாதியில் இறக்கும் சுருளின் மேல் மிச்ச மீட்டரை எழுதி ஒட்டிவிடுகிறார். எழுத மறந்ததற்கு, அப்பா வெட்டிக் கொடுத்த ஒரு அட்டைத் துண்டு இருக்கிறது. குழலின் விளிம்பில் ஒரு முனையை வைத்தால், சுருளின் மேல்மட்டம் தொடும் கோடு எத்தனை மீட்டர் பாக்கி என்று சொல்லும். பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு கோடு. குழலருகே முதல் கோடு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தள்ளி; வெளியே போகப்போகக் கோடுகள் நெருங்கி, கடைசி இரண்டுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர்தான்.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த பையன், அட்டை நைந்துவிட்டதே என்று புதிதாக ஒன்று வெட்டி வைத்தான். ஸ்கேல் வைத்து, எல்லாக் கோடுகளும் சம தூரத்தில்.