விமானியின் ஆகாரம்

விமானம் ஓட்டும் தொழிலில் அபாயம் எது என்று கேட்டால், புயலையும் மின்னலையும் இயந்திரக் கோளாறையும் சொல்வார்களே அன்றி, பசியைச் சொல்பவர் எவரும் இல்லை. ஆயினும் சென்னையிலிருந்து சேலத்துக்கும் தூத்துக்குடிக்குமாக ஏடிஆர் விமானத்தை ஓட்டி, ஒரே பகலில் நான்கைந்து தடவை ஏறி இறங்கும் எங்களுக்கு, ஐப்பசி மேகங்களைக் காட்டிலும் அதிக யோசனை தருவது, இன்று எப்போது சாப்பிடுவது என்னும் சாமான்யமான கேள்விதான்.

ஆகாயத்தில் சாப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் அதற்கும் ஒரு தடை உண்டு. 1974ஆம் வருஷம் அமெரிக்காவில் சார்லட் நகரத்துக்கருகே, இறங்கும் தறுவாயில் விமானிகள் சம்பந்தமில்லாத பேச்சில் ஈடுபட்டிருக்க, ஒரு விமானம் தரையில் மோதி நொறுங்கிற்று. இத்தகைய விபத்துக்களை உத்தேசித்து 1981இல் அந்நாட்டார் விதித்து, பின்னர் பிற தேசங்களிலும் வேரூன்றிய நியதியின்படி, 10,000 அடிக்குக் கீழே விமானத்தைச் செலுத்துவதற்கு அவசியமற்ற பேச்சோ செயலோ கூடாது. உண்பதும் அதில் அடக்கம். கண்டம் தாண்டிச் செல்லும் விமானிக்கு இது ஒரு பொருட்டன்று. சேலம் போகிற எங்களுக்கோ, ஏற்றமும் இறக்கமும் போக மிஞ்சுவது சுமார் 25 நிமிஷம். அதற்குள் வானிலையை விசாரித்து, இறங்கும் முறையைத் துணை விமானியோடு பேசி முடித்தால், நாலு கவளத்துக்குத்தான் அவகாசம் இருக்கும்.

தரையில் கிடைக்கும் அரைமணியும் எங்களுடையதன்று. எரிபொருளைச் சரிபார்த்து, விமானத்தைச் சுற்றிவந்து பார்வையிட்டு, பாரக் கணக்குத் தாளில் கையெழுத்திட்டு, அடுத்த மார்க்கத்தைக் கணினியில் ஏற்றியாக வேண்டும். காலை மூடுபனியால் தாமதம் நேர்ந்தால், அதை ஈடுசெய்ய எரிபொருளிலோ பரிசோதனையிலோ கைவைக்க முடியாது. எவருடைய கையெழுத்தும் தேவைப்படாத ஒரே காரியம் எங்கள் ஆகாரமாகையால், அதுவே முதலில் பலியாகிறது.

தண்ணீரின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஏடிஆரில் விமானி அறைக்கு அடுத்தாற்போல் சாமான் அறை; கழிப்பறையோ வாலோரத்தில். ஒருவர் அங்கே போய்வர வேண்டுமானால், பணிப்பெண் ஒருவர் முன்னே வந்து விமானி அறைக்குள் நிற்க வேண்டும். இந்தச் சங்கடத்தை எண்ணியே, சித்திரை வெயிலிலும் தாகத்தை அடக்கப் பழகிவிட்டவர்கள் எங்களில் பலர்.

இரு விமானிகளும் ஒரே பண்டத்தை உண்ணலாகாது என்னும் வழக்கம் மட்டும் சிரத்தையோடு அநுசரிக்கப்படுகிறது. 1975 பிப்ரவரியில் ஆங்கரேஜிலிருந்து கோபன்ஹேகன் சென்ற ஜப்பானிய விமானமொன்றில், கெட்டுப்போன பன்றி இறைச்சியால் 197 பேர் நோயுற்றபோது, விமானிகள் அதைத் தொடாதிருந்ததால் பேராபத்து விலகியது. உணவு நஞ்சானால் என்ன ஆகும் என்று இவ்வளவு யோசித்தவர்கள், உணவே கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்திருக்கலாம்.

நம் நாட்டு விதிகள் 2024இல் திருத்தப்பட்டு, வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது பெரிய நன்மையே. ஆனால் வேண்டிய மட்டும் உறங்கி எழுந்தவனும், விடியற்காலையில் கிளம்பிப் பிற்பகல் வரை வெறும் வயிற்றோடு ஓட்டினால், கட்டுப்பாட்டு நிலையம் சொல்லும் எண்ணை இரண்டாம் முறை கேட்க நேரிடும். ஐரோப்பிய விதிகள், முக்கியமாகப் பணி 6 மணியைத் தாண்டும்போது, உண்ணவும் பருகவும் வசதி வேண்டும் என்பதோடு நில்லாமல், அதை எவ்விதம் உறுதிசெய்வது என்று நிறுவனமே தன் நடைமுறை நூலில் எழுதவேண்டும் என்றும் விதித்திருக்கின்றன.

டர்பைன் இயந்திர விமானம் எதுவும், இறங்கும்போது மேலும் 30 நிமிஷம் பறப்பதற்கான எரிபொருள் எஞ்சியிருக்கும்படி திட்டமிடப்பட வேண்டும் என்பது சர்வதேச நியதி. அதில் ஒரு நிமிஷத்தைக் குறைக்கும்படி எந்த நிர்வாகியும் தலைமை விமானியிடம் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் இணங்கமாட்டார். இயந்திரத்துக்கு அளித்த அந்த மதிப்பை அதை ஓட்டுகிறவனுக்கும் அளித்து, நீண்ட பணி ஒவ்வொன்றிலும் தரையில் அரைமணியைத் தாமதத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளக் கூடாத நேரமாகப் பணிப் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.