லைசென்ஸும் மாமாவின் அரை ஏக்கரும்

எட்டு போட்டாச்சு. கால் தரையில படல. தருமபுரி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டர் தலைய மட்டும் ஆட்டினார், "அடுத்தாள் வா"ன்னார். அவ்ளோதான். பத்து நாள் தூக்கத்த கெடுத்த விஷயம் அரை நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. ரெண்டாவது முயற்சிங்கிறத அடக்கமா சொல்லிக்கிறேன் :)

என் கிளாஸ்ல வண்டியில வர்ற பசங்க முக்காவாசிப் பேருக்கு லைசென்ஸ் கிடையாது. "எதுக்குடா இவ்ளோ அலையற, நம்ம ஊர்ல யாரு புடிக்கப் போறா"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு சிரிச்சு மழுப்பிட்டேன். நியாயமான கேள்விதான், அதனால இங்க சொல்லிடறேன். எங்க மாமாவோட அரை ஏக்கர் கொல்லை போனது ஒரு லைசென்ஸ் இல்லாததாலதான்.

நடந்தது 2017ல. அண்ணனுக்கு அப்ப 19 வயசு. வண்டி மாமாவோட டி.வி.எஸ். எக்ஸ்.எல். எங்க பக்கம் எக்ஸ்.எல். வண்டிய யாரும் வண்டியாவே மதிக்கறதில்ல. பால் கேன், மரவள்ளிக் கிழங்கு மூட்டை, உர மூட்டை, சமயத்துல ஒரு ஆட்டுக்குட்டின்னு எல்லாம் ஏத்தற சமாச்சாரம் அது. "எக்ஸ்.எல்.லுக்கெல்லாம் லைசென்ஸ் வேணாம்"னு இன்னிக்கும் சத்தியம் பண்ணுவாங்க. வேணும். கியர் இல்லாத வண்டிக்கும் வேணும். 50 சி.சி.க்குள்ள இருந்தா 16 வயசுலயே எடுக்கலாம், அதுதான் சட்டத்துல இருக்கற சலுகை. லைசென்ஸே வேணாம்னு எங்கயும் எழுதல. எக்ஸ்.எல். அந்த 50ஐயும் தாண்டின வண்டி.

தருமபுரிக்காரங்ககிட்ட விபத்துன்னு சொன்னா கை நேரா தொப்பூர் பக்கம்தான் நீளும். அதுவும் சும்மா இல்ல. 2020 டிசம்பர்ல ஒரு லாரி வரிசையா நின்ன வண்டிங்க மேல ஏறி நாலு பேர் போனாங்க. 2024 ஜனவரியில மறுபடி நாலு பேர். அதப் பாத்துப் பாத்து, கணவாய் இறங்காத வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நெனப்பு வந்துடுச்சு. அண்ணன் அடிச்சது பாப்பாரப்பட்டி ரோட்டுல, தார் பேந்த ஒரு வளைவுல, முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. சொசைட்டிக்கு பால் ஊத்திட்டு நடந்து வந்த பெரியவர் ஒருத்தர். தொடை எலும்பு முறிஞ்சு கம்பி வெச்சாங்க. அப்புறம் அவரால கொல்லையில குனிஞ்சு வேலை செய்ய முடியல. அவர் நஷ்ட ஈடு கேட்டு தருமபுரி கோர்ட்டுல கேஸ் போட்டார். அதுல எங்க வீட்டுல யாருக்கும் அவர் மேல கோபம் இல்ல. அவர் இடத்துல நாங்க இருந்தாலும் போட்டிருப்போம்.

மாமா தைரியமாத்தான் இருந்தார். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டற ஆள் அவர். பீரோவுல பத்திரமா எடுத்து வெச்ச காகிதத்த கொண்டு போய் வக்கீல்கிட்ட நீட்டினார். வக்கீல் அத பாக்கவே இல்ல. "ஓட்டின பையனோட லைசென்ஸ் எங்க?"ன்னார்.

இங்கதான் பல பேருக்குத் தெரியாத சங்கதி இருக்கு. இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனி கட்டிடும்னு நெனைக்கிறோம். கட்டும், அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேரணும்கிறதுக்காக. ஆனா லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட ஓனர் தெரிஞ்சே வண்டியக் கொடுத்திருந்தா, கட்டின பணத்த அந்த ஓனர்கிட்டயே கம்பெனி வசூல் பண்ணிக்கலாம். கோர்ட் பாஷையில "கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்". இதப்பத்தி 2004ல ஸ்வரன் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் விளக்கமா சொல்லியிருக்கு. லைசென்ஸ் இல்லன்னு காட்டினா மட்டும் கம்பெனி தப்பிக்க முடியாது, அந்தத் தப்புல ஓனருக்கும் பங்கு இருக்குன்னு நிரூபிக்கணும்னு அதுல இருக்கு. அதனால கேஸே மாமா வாயில இருந்து என்ன வருதுங்கிறதுல வந்து நின்னுச்சு.

கூண்டுல ஏத்திக் கேட்டாங்க. "வண்டியக் கொடுக்கும்போது லைசென்ஸ் இருக்கான்னு கேட்டீங்களா?"

"அவன் எங்க அக்கா பையனுங்க. அவன்கிட்டப் போயி அதெல்லாம் எப்படிங்க கேக்கறது?"

அவ்ளோதான், முடிஞ்சது. வக்கீல் பொய் சொல்லச் சொல்லல, மாமாவுக்கும் சொல்லத் தெரியாது. வட்டியோட மூணு லட்சத்துச் சொச்சம். 2022ல அரை ஏக்கர் போச்சு. அதுல ரெண்டு புளியமரம் இருந்துச்சு, எங்க தாத்தா வெச்சது.

எனக்கு அத விட வலிச்சது அப்புறம் படிச்ச ஒரு வரி. அதே தீர்ப்புல, எல்.எல்.ஆர். வெச்சிருந்து ஓட்டினாலும் கம்பெனி பொறுப்பேத்துக்கணும்னு இருக்கு. முழு லைசென்ஸ்கூட வேண்டியதில்ல. கம்ப்யூட்டர்ல சிக்னல் படம் பாத்து விடை அமுக்கி வாங்கற அந்த ஒரு தாள், வண்டியில சிவப்பு எழுத்துல ஒரு 'எல்', இவ்ளோ இருந்திருந்தா போதும். அண்ணன் போட்டது போட்டான், அந்த எட்டணா வேலைய மட்டும் போடாம விட்டுட்டான்.

நான் எடுக்கறேன்னதும் வீட்டுல பேச்சே இல்ல, போன்னுட்டாங்க. டவுன்ல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல விசாரிச்சா அரசாங்கக் கட்டணத்தப் போல பல மடங்கு கேட்டாங்க, "நீ வந்து நின்னா போதும் தம்பி"ன்னு வேற. நின்னா போதும்னா அப்ப ஓட்டறது யாருன்னு மனசுல கேட்டுக்கிட்டு வந்துட்டேன். ஆன்லைன்ல நானே போட்டேன். எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும், முப்பது நாள் கழிச்சுதான் டெஸ்ட்டுக்குப் போகலாம்.

அந்த முப்பது நாளும் கேழ்வரகு அடிச்ச களத்துலதான். அம்மாவோட கோலமாவ எடுத்து எட்டு போட்டேன். மொத நாள் ஆடுங்க வந்து பாதி எட்ட கலைச்சுடுச்சு, பாக்கி மூணு மாதிரி நின்னுச்சு. எட்டு போடறதுல ஒரே ஒரு சூட்சுமம்தான், எனக்கு புரியறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. முன் சக்கரத்த பாக்கக் கூடாது. எங்க போகணுமோ அங்க பாக்கணும். ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச் பாதி, பின் பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே. முன் பிரேக்க தொட்டீங்க, தொலஞ்சீங்க. மொத டெஸ்ட்டுல நான் தொட்டேன், கால் ஊணிட்டேன். ஏழு நாள் கழிச்சு வரச் சொன்னாங்க.

டெஸ்ட்டுக்கு வண்டி வேணுமே? கோர்ட், ஸ்டேஷன் எல்லாம் முடிஞ்சு வந்ததும் எக்ஸ்.எல்.ல மாமா வித்துட்டார். இப்ப ஒரு பழைய ஸ்பிளெண்டர் வெச்சிருக்கார். கேக்கறதுக்கே எனக்கு நாக்கு வரல. திண்ணையில உக்காந்திருந்தவர்கிட்ட ஒரு மாதிரி இழுத்தேன். மாமா நிமிரல. "எல்.எல்.ஆர். இருக்கா?"ன்னார். காட்டினேன். தேதிய ரெண்டு தடவ பாத்தார். "வண்டி முன்னாடி எல் போர்டு ஒட்டு. பின்னாடி நான் உக்காந்து வர்றேன்"னார். தருமபுரி வரைக்கும் ஒரு வார்த்த பேசல. பாப்பாரப்பட்டி ரோட்டுல அந்த வளைவு வந்தப்ப மட்டும் என் தோள்ல கை வெச்சார்.

போன வாரம் கார்டு தபால்ல வந்துச்சு. வாங்கின கையோட மாமா வீட்டுக்குத்தான் போனேன். கண்ணாடி போட்டு முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்தார். போட்டோவ பாத்து "என்னடா திருடன் மாதிரி இருக்க"ன்னார். அப்புறம் உள்ள பாத்து அத்தைய கூப்பிட்டு, "ஆணியில சாவி மாட்டியிருக்கு பாரு, எடுத்து இவன்கிட்ட குடு. சொசைட்டிக்கு பால் ஊத்திட்டு வரட்டும்"னார்.