ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

ஆம்பூர் என்றதும் சாலையோரத்துப் பிரியாணிக் கடைகள்தாம் உங்கள் ஞாபகத்துக்கு வரும். கடை கிடக்கட்டும், வாசகியரே! வீட்டுச் சமையலறைக்குள் போவோம், வாருங்கள்.

இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் எத்தனையோ பெண்கள் பூட்ஸ் தொழிற்சாலைகளில் தையல் வேலை பார்க்கிறார்கள். விடியுமுன் உலை வைத்தாக வேண்டும்; கம்பெனி பஸ் யாருக்காகவும் காத்து நிற்காது. கணவன் ஓர் இடம், மனைவி ஓர் இடம், குழந்தைகள் பள்ளிக்கூடம். ஓர் அடுப்பில் வெந்த சோற்றை மூன்று இடங்களில், ஆறிப் போன பிறகு சாப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே வேளை. முஸ்லிம் வீடுகளில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு வரும் சாப்பாட்டுக்கும் இதே மவுசு உண்டு.

அன்றைக்குப் பிரியாணி! சீரகச் சம்பா அரிசி. அதற்குச் சரிக்குச் சரி கறி. காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்த விழுதுதான் இதற்கு நிறமும் உறைப்பும் தருவது. மசாலா வாசனை மூக்கைத் துளைக்காது; பட்டை, கிராம்பெல்லாம் அடக்கமாகத்தான் விழும். அரிசியை அரை வேக்காட்டில் வடித்து, வெந்த கறியோடு சேர்த்து மூடி, மூடியின் மேல் தணலைக் கொட்டித் தம் போடுகிறார்கள். தொட்டுக் கொள்ளப் புளி விட்ட கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். கத்திரிக்காய் இல்லாத பிரியாணியை இந்த ஊரார் பாதிச் சாப்பாடு என்றுதான் நினைப்பார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது.

வடிக்கிற சோற்றுக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டுமே! சங்கடம் அங்கேதான். பாலாறு பக்கத்தில்தான் ஓடுகிறது. 'ஓடுகிறது' என்பது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைப்பார்கள். தோல் ஷாப்பில் அந்த உப்பைக் கழுவி, ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிப்பதற்குள் 30, 40 லிட்டர் தண்ணீர் செலவாகிவிடும். உப்பும் குரோமியமும் கலந்த அந்தக் கழிவு பல காலம் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கிற்று. கிணறுகள் கரித்துப் போயின. 1996-ல் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவர்களே ஈடு கட்ட வேண்டுமென்று சொல்லி, ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் இதே பாலாற்று விவகாரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது!

தோல் தரும் சம்பளத்தில்தான் கறி வாங்குகிறார்கள். தோல் கழுவிய தண்ணீர்தான் கிணற்றைக் கெடுத்தது. இந்த வீட்டுப் பெண் யாரைக் கோபித்துக் கொள்வாள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிசி, கறிக் கணக்கோடு தண்ணீர்க் கேனுக்கும் காசை எண்ணி வைக்கிறாள். உலைக்குக் கேன் தண்ணீர். சாப்பிட்டானதும் அண்டாவைத் தேய்க்க மட்டும் கிணற்றுத் தண்ணீர்.